சித்தப்பா விழுங்கிய ரெக்குவியம்

சித்தப்பா செத்துப்போன செய்தி வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டு, முறுகலாக எடுத்து, நின்ற வாக்கிலேயே தின்று முடித்தேன். அப்புறம்தான் வீட்டுக்காரரிடம் போய், "கிளம்புங்க, ஊருக்குப் போகணும். சித்தப்பா போயிட்டாரு" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். "ஏண்டி, சம்பளம் ஏறுன மாதிரி சொல்ற?"

ஏறினால்கூட எனக்கு அம்புட்டுச் சந்தோஷம் வந்திருக்காது. அந்தச் சாவுக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவள் நான். அடிப்பாவி என்று சொல்லப்போகிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்குத் திண்டுக்கல் டவுனில் தமிழ் டீச்சர் வேலை. பிறந்த ஊர் வத்தலக்குண்டு ரோட்டில், சேவுகம்பட்டிக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். கத்தரிக்காயும் தக்காளியும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். ஊர் நடுவில் மாதா கோயில், கோயிலுக்கு ஒரு பாட்டுக்குழு. அதற்குத் தலைவர் என் அப்பாவுடன் பிறந்த தம்பி, அதாவது சித்தப்பா.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்குழுவில் பாடினவர்கள் யார் செத்தாலும், பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஒருத்தரும் மண் போட மாட்டார்கள். லத்தீன் பாட்டு ஒன்று பாட வேண்டும். வெள்ளைக்காரச் சாமியார்கள் விட்டுப்போனது. முதல் சொல்லை வைத்து அதை ரெக்குவியம் பாட்டு என்போம். தலைவர் முன்னடியைப் பாட, சுற்றி நிற்கிற ஊர் பின்னடியைப் பாடும். அது முடிந்தால்தான் மண். முதல் பிடி மண் விழுந்துவிட்டால் பாட்டு கிடையாது. அதே மாதிரி, கல்லறைத் தோட்டத்தில் குழி திறந்திருக்கும்போது தவிர வேறெப்போதும் அதை வாய்விட்டுப் பாடக் கூடாது. பாடினால் வீட்டுக்குச் சாவை வரவழைத்த மாதிரி.

பின்னடி பால்குடிப் பிள்ளை தவிர எல்லாருக்கும் தெரியும். முன்னடி சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அவர் அப்பா காதில் போட்டது. இவர் யார் காதிலும் போடவில்லை. பெற்ற மகன் கேட்டபோதே, "நான் என்ன நாளைக்கேவா சாகப்போறேன்? போடா, போய் மோட்டாரைப் போடு" என்று விரட்டிவிட்டார். பொம்பளைகள் கேட்டால் சிரிப்பார். "இது ஆம்பளத் தொண்டைக்கு உள்ளது, தாயி" என்பார். நல்ல தொண்டைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் அந்த முதல் சொல்லை எடுத்தால் அழாதவர்களும் அழுவார்கள். அந்த மப்பில்தான் ஆடினார்.

என் அம்மா கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து பாட்டுக்குழுவில் இருந்தாள். கத்தரி பறித்த கறைக் கையோடு எத்தனை பேர் குழிக்கு முன்னால் நின்று பின்னடி பாடியிருப்பாள் என்று கணக்கே இல்லை. பாடிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம் கேட்பாள்: "எனக்கும் இதைப் பாடிருவாங்கல்ல, பாப்பா? எனக்கு அது ஒண்ணு போதும்." அம்மா யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. நகை நட்டு கேட்டதில்லை. டவுனுக்கு வந்து என்னோடு இரும்மா என்றால் அதுவும் வேண்டாம். அவள் வாய்விட்டுக் கேட்டது அந்தப் பாட்டை மட்டும்தான்.

அப்பா போன பிறகு கிணற்றில் வந்தது வினை. பொதுக்கிணறு. எங்களுக்கு ஒரு நாள், சித்தப்பாவுக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை. அப்பா இருந்த வரைக்கும் தகராறு இல்லை. அவர் கண்ணை மூடினதும், "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்று சித்தப்பா எங்கள் முறையிலும் மோட்டாரைப் போட்டார். அம்மா கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். காய்க்கிற பருவத்தில் செடி காய்ந்து சுருண்டது. கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். எழுதி வாங்கி, தன் முறையை மீட்டுக்கொண்டுதான் திரும்பினாள். ஊர் மூக்கில் விரலை வைத்தது. சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷன் மனசுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருந்திருக்கிறார், அது எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மா செத்த அன்றைக்கு அது தெரிந்தது.

பெட்டியை இறக்கினார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், வேப்பமரத்தடி. வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாரும் சித்தப்பா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் உபதேசியார் மெல்லச் செருமினார். அப்போதும் அவர் அசையவில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "சித்தப்பா, பாடுங்க."

"தொண்டை கட்டிருச்சு" என்றார்.

அதைச் சொன்ன குரல் மணி அடித்த மாதிரி கணீரென்று இருந்தது. சொல்லிவிட்டுக் குனிந்தார், ஒரு பிடி மண்ணை அள்ளினார், பெட்டி மேல் போட்டார். முதல் மண் விழுந்துவிட்டது. இனிப் பாட்டு கிடையாது. அவர் மகன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். அழுகிறான் என்று நினைத்தேன். தோள் குலுங்கினதைப் பார்த்ததும்தான் புரிந்தது, பயல் சிரிக்கிறான்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த சின்ன வயசுச் சாமியாரிடம் போய் அழுதேன். "அது ஊர்ப் பழக்கம்மா, பூசையில சேர்ந்தது இல்ல. ஜெபமெல்லாம் குறையில்லாம முடிச்சாச்சு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அம்மா ஆசைப்பட்டது ஜெபப் புத்தகத்தில் இருந்ததற்கு இல்லையே.

முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டுக்கு ஆடு பார்க்க வீட்டுக்காரரோடு அய்யலூர் சந்தைக்குப் போனேன். உள்ளே காலெடுத்து வைக்கும் முன்னாலேயே அந்தக் குரல் கேட்டது. அத்தனை ஆடு கத்துகிறது, அத்தனை வியாபாரி கத்துகிறான், எல்லாத்துக்கும் மேலே ஒரு தொண்டை. "ஏப்பா, கெடாயைப் பாரு, பல்லைப் பாரு, இந்த வெலைக்கு எவன் குடுப்பான்!" என் சித்தப்பா. கெடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார். பார்த்த பிறகும் குரல் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினதாகத்தான் எனக்குப் பட்டது. ஆடு வாங்காமல் திரும்பினேன். வரும்போது பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பாட்டை அந்த ஆள் தொண்டையிலிருந்து பிடுங்க வேண்டும். அதை வைத்தே அவரை அடிக்க வேண்டும்.

பாட்டைப் பிடுங்க வேண்டுமென்றால் அதன் முதல் சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் லத்தீன் அகராதி இறக்கினேன். காலமெல்லாம் வேற்றுமை உருபு சொல்லிக் கொடுத்த எனக்கு அது ஒன்றும் காட்டுப் பாதையாக இல்லை.

ஊர் ரெக்குவியம் என்று சொல்வது லத்தீனில் ரெக்வியெம். அது எழுவாயாக நிற்கும்போது ரெக்வியெஸ். க்வியெஸ் என்றால் அசையாமல் இருப்பது, அமைதி. வகுப்பில் பிள்ளைகளைக் 'கொயட்' என்று அதட்டுகிறோமே, அந்தச் சொல்லுக்கு இதுதான் பாட்டன். கொஞ்ச நேரம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'வைல்' (while) என்பார்களே, அதுவும் தூரத்துச் சொந்தமாம். முன்னால் ஒட்டியிருக்கிற 'ரெ' என்றால் திரும்ப, மறுபடி. சும்மா அமைதி என்று சொல்ல க்வியெஸ்ஸே போதும். 'ரெ' வந்து சேர்ந்துவிட்டால், அதற்கு முன்னால் ஒரு பாடு இருந்திருக்கிறது, அதைப் பட்டு முடித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று ஆகிறது. நம் ஜெபத்தில் இதற்குச் சொல்கிற இளைப்பாற்றியும் அப்படிப்பட்ட சொல்தான். இளைத்தவர்களுக்குத்தான் இளைப்பாற்றி. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் கூடியது. இந்தச் சொல்லுக்கு என் அம்மாவைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் யார் இருந்தா?

அது என்ன பால் என்று பார்த்தேன். பெண்பாலாம்! லத்தீன்காரனுக்கு ஓய்வு பொம்பளையாம். எந்த ஊர்ப் பொம்பளையைப் பார்த்து அவன் அப்படி முடிவு கட்டினானோ, தெரியவில்லை. என் அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது கோயிலில் பிரசங்க நேரத்தில் மட்டும்தான்.

உருபு ஏற்றினால் அந்தச் சொல் ஒரே வீட்டில் அடங்கிக் கிடக்காது. ஆறாம் வேற்றுமையில் ரெக்வியெதிஸ். அதே வழியில் போனால் இரண்டாம் வேற்றுமை ரெக்வியெதெம். அப்படியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வேறொரு வகைச் சொற்களின் சாயலில் ரெக்வியெம் என்று குட்டையாகவும் வரும். பாட்டில் அந்தக் குட்டைதான் நிலைத்தது. நாம் 'கு' போடுகிற நான்காம் வேற்றுமையில் அந்தச் சொல்லை யாரும் எழுதினதாகக் காணோமாம். பன்மையும் காணோமாம். பன்மை இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. மொத்தமாக வாங்கி ஊருக்குப் பங்கு போடுகிற சரக்கு இல்லை அது. ஆளுக்கு ஒன்று. கிடைத்தால் உண்டு.

என்னை ரொம்ப உறுத்தினது அந்தப் பாட்டு இரண்டாம் வேற்றுமையில் ஆரம்பிப்பதுதான். முதல் சொல்லே 'இளைப்பாற்றியை'. தா என்கிற சொல் பின்னால்தான் வருகிறது. கேட்கிற பொருள் முன்னால் வந்து கையேந்தி நிற்கிறது, கொடுக்கிற ஆள் இன்னும் வரவில்லை. அது ஆண்டவரைப் பார்த்துக் கேட்பது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு, அவர் இஷ்டப்பட்டால் வாயைத் திறப்பார், இல்லாவிட்டால் மூடிக்கொள்வார். என் அம்மா கேட்டதைத் தராமல் விழுங்கியது அந்த வாய்தான்.

பாட்டின் மற்றச் சொற்களும் போனிலேயே கிடைத்துவிட்டன. ராகம் வேண்டுமே! அதற்குப் பிறகு ஊரில் பாட்டுக்குழு ஆள் யார் செத்தாலும் நான்தான் முதலில் போய் நின்றேன். குழியோரம், சித்தப்பாவுக்கு நேர் எதிரே. அவர் வாயையே பார்ப்பேன். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே இழுக்கிறார், எங்கே இறக்குகிறார் என்று பார்த்துக்கொண்டே உதட்டை மட்டும் அசைப்பேன். "டவுன்ல இருந்தாலும் பாசக்காரப் புள்ள, ஒரு சாவு விடாது" என்று ஊர் மெச்சியது. பாசமாவது, மண்ணாவது!

டவுன் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பாடிப் பழகினேன். ஊர்க்கட்டு டவுனுக்குச் செல்லாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் பயந்தார். "யாரைக் கொல்லப் போற நீ?" என்றார். "யாரையும் கொல்ல மாட்டேன். தானா சாகட்டும், எனக்கு அவசரமில்ல" என்றேன். எனக்கு வேண்டியது ஒரு திறந்த குழி. அது அந்த ஆளுடைய குழியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போன தை மாசம் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. அப்போதுதான் ஊருக்கும் உறைத்தது, அவருக்கே உறைத்தது. முன்னடி தெரிந்த ஒரே வாய் பூட்டிக்கொண்டது. இனி அவர் குழிக்கு முன்னால் யார் பாடுவது? யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பொத்திப் பொத்தி வைத்தது கடைசியில் அவருக்கே இல்லாமல் போய்விட்டது. கேள்விப்பட்டதும் நான் சாயங்காலம் லாலாக் கடையில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பரவாயில்லை, நானே தின்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் என் உதடு அசைவதைப் பாட்டுக்குழுப் பொம்பளைகள் கவனித்திருக்கிறார்கள். சித்தி காதில் விழுந்துவிட்டது. ஒருநாள் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு அதே நெனப்பு, தாயி. தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காமிக்கிறாரு. உனக்குத் தெரியும்னாங்க. ஒரு எட்டு வந்து, நான் பாடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரு. நிம்மதியாப் போயிருவாரு" என்றாள். சித்திமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா சாவுக்கு உண்மையாக அழுதவள். அதனால் காப்பி போட்டுக் கொடுத்தேன். வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. வந்து பார்க்கிறேன் என்றேன்.

போனேன். கட்டிலில் கிடந்தார். அந்த ஆகிருதி எங்கே போனதோ, பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும் நல்ல கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டார். அப்புறம் என்னைக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. வேறு யாராவது அப்படிக் கிடந்திருந்தால் நானும் அழுதிருப்பேன். எனக்குத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம்தான் தெரிந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் காதருகே குனிந்தேன். மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்த முதல் சொல்லை எடுத்தேன். பாடவில்லை, சொன்னேன். ரெக்வியெம். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. சொல்லை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"பார்ப்போம், சித்தப்பா" என்றேன். "அன்னைக்குத் தொண்டை எப்படி இருக்கோ, என்னவோ."

அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்தார். சித்தி என்னமோ ஏதோ என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பாடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் அதை நினைத்துக்கொண்டே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் அம்மாவுக்கு அவர் செய்தது ஒரு நிமிஷத்துக் காரியம். நான் செய்தது அதைவிடக் கொடுமை. தெரிந்துதான் செய்தேன்.

இனி அந்தத் தோசைக்கு வருகிறேன்.

சாயங்காலம் அடக்கம். ஊரே திரண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போதே எல்லார் கண்ணும் என் மேல். பாட்டுக்குழுப் பொம்பளைகள் எனக்கு இடம் விட்டு நின்றார்கள். பெட்டியை இறக்கினார்கள். கயிற்றை உருவினார்கள். உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சித்தப்பா மகன் என் முன்னால் கும்பிட்டு நின்றான். துண்டு இப்போது இடுப்பில் இருந்தது. "அக்கா, பாடுக்கா" என்றான்.

நான் திரும்பி நடந்தேன். அங்கிருந்து சுவரோரம் வேப்பமரம் கூப்பிடு தூரம்தான். அம்மா கல்லறைத் தலைமாட்டில் போய் நின்றேன். சித்தப்பா குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். குழி திறந்திருக்க வேண்டும் என்றுதானே பழக்கம்? திறந்திருந்தது. யாருடைய குழி என்று பழக்கம் சொல்லவில்லை.

வாயைத் திறந்தேன். மொட்டைமாடியில் வராத குரல் அன்றைக்கு எனக்கு வந்தது. ஆம்பளத் தொண்டைக்கு உள்ளது என்றாரே, அந்த முதல் சொல்லை அம்மா தலைமாட்டில் வைத்து இழுத்த இழுப்பில் வேப்பமரத்துக் காக்கா எல்லாம் எழுந்து பறந்தது. முன்னடி முடிந்தது. ஒரு மூச்சு நேரம் ஊர் திகைத்தது. அம்மாவோடு பாடின பொம்பளைகளில் ஒருத்தி, கத்தரித் தோட்டத்துக்குக் கூடவே போகிறவள், கூட்டத்தை விட்டு நகர்ந்து என் பக்கம் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பின்னடியை எடுத்தாள். அப்புறம் எல்லாப் பொம்பளைகளும் எடுத்தார்கள். அப்புறம் ஆம்பளைகள். பழகின வாய், முன்னடி கேட்டால் பின்னடி வராமல் நிற்குமா? சித்தப்பா மகனும் பாடினான். பாடிக்கொண்டிருக்கும்போதுதான் யாருக்குப் பாடுகிறோம் என்று அவனுக்கு விளங்கியிருக்கிறது. வாய் பாதியில் நின்றது, முகத்தில் ஈயாடவில்லை.

முழுதாகப் பாடினோம். ஒரு சொல் விடவில்லை. என் அம்மாவுக்கு ஊர் கூடி நின்று ரெக்குவியம் பாடியது. அம்மா கல்லறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாடியாச்சும்மா" என்றேன்.

சித்தப்பா மகன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "அக்கா, இங்க வாக்கா. அப்பா இங்க கெடக்காருக்கா. அவருக்குப் பாடுக்கா."

வந்தேன். குழியோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். குனிந்தேன், ஒரு பிடி மண்ணை அள்ளினேன்.

"தொண்டை கட்டிருச்சு, அப்பு" என்றேன். மண்ணைப் போட்டேன்.

பெட்டிமேல் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சித்தி மட்டும் ஓவென்று அழுதாள். அவளுக்காக எனக்குக் கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த சந்தைக்கு அய்யலூர் போனேன். வீட்டுக்காரர், "வீட்டுல ஒரு விசேஷமும் இல்லையே, எதுக்கு ஆடு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அவன் அப்பாவின் முப்பதாம் நாளுக்கு ஆடு பிடிக்கச் சித்தப்பா மகன் வருவான் என்று எனக்குத் தெரியும். வந்திருந்தான். ஒரு வெள்ளாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நேராக அவனுக்குப் பக்கத்து ஆட்டுக்காரனிடம் போய், இருக்கிறதிலேயே பெரிய கெடாவின் கொம்பைப் பிடித்தேன்.

"ஏப்பா, இந்தக் கெடா என்ன வெல?" என்றேன், சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி.